குரோமாட்டின் மறுசீரமைப்புப் புரதங்களும் மூளையும்

குரோமாட்டின் மறுசீரமைப்புப் புரதங்கள் என்பவை, உயிரணுவின் உட்கருவில் டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டுள்ள முறையை மாற்றி, எந்த மரபணு படிக்கப்பட வேண்டும், எது மூடிக்கிடக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவும் புரதங்கள் ஆகும். இவை டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகளை மாற்றுவதில்லை. அந்த எழுத்துகளைப் படிக்க வழிவிடுகின்றன அல்லது வழியை அடைக்கின்றன. மூளை வளர்ச்சி, கற்றல், நினைவாற்றல் ஆகியவற்றில் இப்புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றுக்குரிய மரபணுக்களில் பிறழ்வு ஏற்படும்போது அறிவுத்திறன் குறைபாடு, மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம், வலிப்பு நோய் போன்றவை தோன்றலாம். இவ்வகைக் குறைபாடுகளில் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வருவதில்லை, குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. உறவுமுறைத் திருமணம் பரவலாக உள்ள தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை அறிவது குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும்.

குரோமாட்டின் என்றால் என்ன?

மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருக்கும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. இவ்வளவு நீளமான இழை சிக்கலின்றி அடங்குவதற்கு, அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது சுற்றப்பட்டுள்ளது. எட்டு ஹிஸ்டோன் மூலக்கூறுகள் சேர்ந்த ஓர் உருளையின் மீது 147 இணை எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. துண்டு இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கிறது. இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். நியூக்ளியோசோம்கள் மணிமாலை போலத் தொடர்ந்து அமைந்து மேலும் மடிந்து உருவாவதே குரோமாட்டின். இதன் அடிப்படை அமைப்பை ரோஜர் கோர்ன்பெர்க் 1974இல் முன்வைத்தார். நியூக்ளியோசோமின் நுண்ணமைப்பு 1997இல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் தெளிவாகத் தெரியவந்தது.

இதை நெசவுத் தொழிலோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை, 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்போரும் நெசவாளரும் குடியேறுவதற்காகக் கூவம் ஆற்றின் வளைவில் அமைக்கப்பட்ட ஊர். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவியதாகக் கூறுவர். தறியில் நெய்பவருக்கு நூல் சுற்றப்பட்டிருப்பதும் வேண்டும், வேண்டிய நேரத்தில் அது பிரிந்து வருவதும் வேண்டும். சுற்றாத நூல் சிக்காகிவிடும், பிரியாத நூல் பயன்படாது. உயிரணுவிலும் நிலைமை இதுவே. ஒரு மரபணு உருளையின் மீது இறுகச் சுற்றப்பட்டிருக்கும்வரை அதைப் படியெடுக்கும் நொதி அதனிடம் நெருங்க முடியாது.

மறுசீரமைப்பு எவ்வாறு நடைபெறுகிறது?

குரோமாட்டினின் இறுக்கத்தை மாற்றும் புரதங்களை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிட்டு நியூக்ளியோசோமை நேரடியாக அசைப்பவை. இவை உருளையை டி.என்.ஏ. மீது நகர்த்துகின்றன, சில இடங்களில் அகற்றுகின்றன, அல்லது ஒருவகை ஹிஸ்டோனை எடுத்துவிட்டு வேறுவகை ஹிஸ்டோனைப் பொருத்துகின்றன. மறுசீரமைப்பான்கள் என்ற சொல் குறிப்பாக இவற்றையே சுட்டும். இவற்றில் ஸ்விச்-ஸ்னிஃப், ஐ-ஸ்விச், சி.எச்.டி., ஐ.என்.ஓ.80 என நான்கு குடும்பங்கள் உள்ளன. ஸ்விச்-ஸ்னிஃப் குடும்பம் முதலில் ஈஸ்ட்டில் கண்டறியப்பட்டது. பாலூட்டிகளில் உள்ள அதன் இணை, பாஃப் கூட்டமைப்பு எனப்படுகிறது.

இரண்டாம் வகை, ஹிஸ்டோன்களின் மீது வேதிக் குறிகளை இடுபவையும் அழிப்பவையும் படிப்பவையும் ஆகும். எடுத்துக்காட்டாக, ஹிஸ்டோனின் வால்பகுதியில் அசெட்டைல் குழு சேர்க்கப்பட்டால் டி.என்.ஏ.வின் பிடி தளர்ந்து மரபணு படிக்கப்பட ஏதுவாகிறது. அந்தக் குழு நீக்கப்பட்டால் மீண்டும் இறுகுகிறது. சி.பி.பி., பி300 ஆகிய நொதிகள் அசெட்டைல் குழுவைச் சேர்ப்பவை.

இவ்விரு வகைகளும் சேர்ந்தே இயங்குகின்றன. இரண்டாம் வகை இடும் குறிகளைப் பார்த்து, எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை முதல் வகை அறிகிறது.

மூளை வளர்ச்சியில் இவற்றின் பங்கு

நரம்பணுவுக்கும் கல்லீரல் உயிரணுவுக்கும் டி.என்.ஏ. ஒன்றே. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. கருவின் மூளையில் முன்னோடி உயிரணுக்கள் முதலில் பலமுறை பிரிந்து பெருகுகின்றன. பின்னர்ப் பிரிவதை நிறுத்தி நரம்பணுக்களாக மாறுகின்றன. இந்த மாற்றத்தின்போது பாஃப் கூட்டமைப்பின் உறுப்புகளே மாறுகின்றன.

பாஃப் கூட்டமைப்பு சுமார் 15 துணைப் புரதங்கள் சேர்ந்தது. அத்துணைப் புரதங்களுக்குரிய மரபணுக்கள் மொத்தம் 29 உள்ளன. எந்த உயிரணுவில் எந்தத் துணைப் புரதங்கள் சேர்கின்றன என்பதைப் பொறுத்து அதன் வேலை அமையும். முன்னோடி உயிரணுவில் பாஃப்53ஏ என்னும் துணைப் புரதம் இடம்பெறுகிறது. நரம்பணுவாக மாறும்போது அது விலகி, அதன் இடத்தில் பாஃப்53பி அமர்கிறது. ஜெரால்டு கிராப்ட்ரீயின் ஆய்வுக்குழு 2007இல் இதை விளக்கியது. மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் இரு சிறு மூலக்கூறுகள் பாஃப்53ஏ உற்பத்தியை அடக்குவதால் இந்த இடமாற்றம் நிகழ்கிறது என்பது 2009இல் தெரியவந்தது. அதே சிறு மூலக்கூறுகளை மனிதத் தோலின் உயிரணுக்களில் செலுத்தி, அவற்றை நரம்பணுக்களைப் போல மாற்ற முடியும் என்று 2011இல் காட்டப்பட்டது.

மதியிறுக்கத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் மனித மூளையில் எப்போது, எங்கே சேர்ந்து இயங்குகின்றன என்பதை 2013இல் வெளியான இரு ஆய்வுகள் ஆராய்ந்தன. கருவின் நடுப்பருவத்தில் பெருமூளைப் புறணியில் உருவாகும் நரம்பணுக்களையே இரண்டும் சுட்டின. அதாவது குறைபாடு பிறந்த பின்னர் வெளிப்பட்டாலும், அதன் தொடக்கம் தாயின் வயிற்றில் நான்கைந்து மாதக் கருவாக இருக்கும்போதே அமைந்துவிடுகிறது.

இந்தப் பருவத்தின் மூளையை நுண்ணிய அளவில் காட்டும் படத்தொகுப்பு ஒன்று சென்னையிலிருந்து வெளிவந்துள்ளது. அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் அதை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருக்களின் மூளைகளிலிருந்து எடுக்கப்பட்ட 5,132 வெட்டுகளின் படங்கள் இதில் உள்ளன. ஆய்வாளர்கள் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் இது இணையத்தில் வைக்கப்பட்டுள்ளது. இயல்பான வளர்ச்சி எவ்வாறு இருக்கும் என்பதைக் காட்டும் இத்தகைய வரைபடங்கள், வளர்ச்சி பிறழும் இடத்தை அடையாளம் காண உதவும்.

நினைவாற்றலில் பங்கு

மறுசீரமைப்புப் புரதங்களின் வேலை கருவோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு செய்தி நீண்டகால நினைவாகப் பதிவதற்கு நரம்பணுக்களில் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். அதற்கு உரிய மரபணுக்கள் சில மணி நேரத்துக்குள் திறக்கப்பட வேண்டும். பாஃப்53பி குறைவாக உள்ள எலிகளில் நீண்டகால நினைவு கடுமையாகப் பாதிக்கப்படுவது 2013இல் கண்டறியப்பட்டது. சி.பி.பி. நொதி குறைந்த எலிகளிலும் நினைவுக் குறைபாடு காணப்படுகிறது.

இத்துறையில் இந்தியாவில் நடைபெற்ற ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குமார் குண்டுவின் குழு, சி.பி.பி., பி300 நொதிகளைத் தூண்டும் ஒரு மூலக்கூறை உருவாக்கியது. ஆனால் அம்மூலக்கூறால் தானாக உயிரணுக்களுக்குள் நுழைய இயலவில்லை. அதே மையத்தின் வேதியியலாளர் முத்துசாமி ஈஸ்வரமூர்த்தி, குளுக்கோசிலிருந்து உருவாக்கிய மிக நுண்ணிய கார்பன் கோளங்களோடு அதை இணைத்தபோது அது மூளையைச் சென்றடைந்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய சோதனைகளில், இம்மருந்து பெற்ற எலிகள் கற்றதை அதிக நாள் நினைவில் வைத்திருந்தன. 2013இல் இம்முடிவு வெளியானது. அல்சைமர் நோயில் காணப்படுவதைப் போன்ற டவ் புரதக் கோளாறு உள்ள எலிகளிலும் நினைவாற்றல் மீண்டதாக 2018இல் வெளியான ஆய்வு கூறியது. இவை யாவும் எலிகளில் கிடைத்த முடிவுகள். மனிதர்களுக்கான மருந்தாக இது இன்னும் வரவில்லை.

தொடர்புடைய நோய்கள்

பெரும்பாலான மரபணுக்கள் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிரதிகள் கொண்டவை. பல மரபணுக்களில் ஒரு பிரதி கெட்டாலும் மற்றொன்று ஈடுகட்டிவிடும். மறுசீரமைப்புப் புரதங்களில் பலவற்றுக்கு இது பொருந்தாது. பாதி அளவு புரதம் மூளை வளர்ச்சிக்குப் போதாமல் போகிறது. ஒரே புரதம் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் திறப்பைக் கவனிப்பதால், அதன் அளவு குறையும்போது உடலின் பல உறுப்புகளும் பாதிக்கப்படலாம். முக்கியமான சில குறைபாடுகள் பின்வருமாறு:

காஃபின்-சிரிஸ் நோய்த்தொகை: 1970இல் விவரிக்கப்பட்டது. வளர்ச்சித் தாமதம், பேச்சுத் தாமதம், சிறுவிரல் நகம் சிறுத்தோ இல்லாமலோ இருத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பாஃப் கூட்டமைப்பின் மரபணுக்களே இதற்குக் காரணம் என்று 2012இல் தெரியவந்தது. அவற்றுள் முதன்மையானது ஆரிட்1பி. நகக் குறை இல்லாத அறிவுத்திறன் குறைபாட்டிலும் இம்மரபணுவின் பிறழ்வு அடிக்கடி காணப்படுகிறது.

சி.எச்.டி.8 குறைபாடு: மதியிறுக்கத்தோடு மிக உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்ட மரபணுக்களுள் ஒன்று. தலை பெரிதாக இருத்தல், மலச்சிக்கல் போன்ற குடல் தொல்லைகள், தூக்கமின்மை ஆகியவை இக்குழந்தைகளிடம் சேர்ந்து காணப்படுவதை 2014இல் ஆய்வாளர்கள் விவரித்தனர்.

சார்ஜ் நோய்த்தொகை: சி.எச்.டி.7 மரபணுவின் பிறழ்வால் ஏற்படுவது. காரணம் 2004இல் கண்டறியப்பட்டது. கண், காது, இதயம், மூக்கின் பின்துளை ஆகியவற்றில் பிறவிக் குறைகள் இருக்கும். பார்வையும் செவியும் ஒருசேரக் குறையக்கூடும் என்பதால் இவ்விரண்டையும் தொடக்கத்திலேயே சோதிப்பது அவசியம்.

ஏ.டி.ஆர்.எக்ஸ். நோய்த்தொகை: எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுவால் ஏற்படுவது. ஆண் குழந்தைகளையே பாதிக்கிறது. அறிவுத்திறன் குறைபாட்டோடு ஆல்ஃபா தலசீமியா என்னும் இரத்தக் கோளாறின் அறிகுறியும் சேர்ந்திருக்கும்.

ரூபின்ஸ்டீன்-டேபி நோய்த்தொகை: சி.பி.பி. நொதியின் குறைபாடு. அகன்ற கட்டைவிரலும் கால் பெருவிரலும் இதன் அடையாளங்கள்.

ரெட் நோய்த்தொகை: பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம் காணப்படுகிறது. ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு இயல்பாக வளர்ந்த குழந்தை, கற்ற பேச்சையும் கையின் பயன்பாட்டையும் படிப்படியாக இழக்கிறது. இதற்குக் காரணமான எம்.இ.சி.பி.2 புரதம் மறுசீரமைப்பான் அன்று. குரோமாட்டினில் உள்ள வேதிக் குறிகளைப் படிக்கும் புரதம் அது. ஹுடா சோக்பியின் குழு 1999இல் இதைக் கண்டறிந்தது.

மூளைக் கட்டிகள்: பாஃப் கூட்டமைப்பின் ஒரு துணைப் புரதத்துக்குரிய இரு பிரதிகளும் இழக்கப்படும்போது சிறு குழந்தைகளிடம் ராப்டாய்டு எனப்படும் தீவிரப் புற்றுநோய்க் கட்டி மூளையில் தோன்றலாம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் பாஃப் மரபணுக்களின் பிறழ்வு காணப்படுகிறது.

உறவுமுறைத் திருமணமும் புதிய பிறழ்வும்

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவினரை மணந்தவர்கள். இதனால் குழந்தைக்கு வளர்ச்சித் தாமதம் என்றதும் சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று முடிவு செய்வது வழக்கமாகிவிட்டது. அந்நியத்தில் மணந்தவர்களிடமோ, தாய் கர்ப்ப காலத்தில் செய்தது, உண்டது மீது பழி விழுகிறது. குரோமாட்டின் தொடர்பான குறைபாடுகளில் இவ்விரு முடிவுகளும் பெரும்பாலும் தவறானவை.

ஆரிட்1பி, சி.எச்.டி.8, சி.எச்.டி.7 போன்றவற்றின் பிறழ்வுகள் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாதவை. விந்தணு அல்லது கருமுட்டை உருவாகும்போது புதிதாக நேர்பவை. எந்த மனிதரிடமும் பெற்றோரிடம் இல்லாத ஏறத்தாழ 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி தந்தையின் விந்தணுவிலிருந்து வருபவை, தந்தையின் வயது கூடக்கூட எண்ணிக்கையும் கூடும். இம்மாற்றங்கள் பெரும்பாலும் தீங்கற்ற இடங்களில் விழுகின்றன. எப்போதோ ஒன்று முக்கியமான மரபணுவில் விழுந்துவிடுகிறது. பெற்றோர் உறவினரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தாயின் உணவோ நடத்தையோ இதற்குக் காரணம் அன்று.

ஆயினும் எல்லாக் குறைபாடுகளும் இவ்வகையின அல்ல. மேலே குறிப்பிட்ட பாஃப்53பி புரதத்துக்குரிய மரபணுவில் இரு பிரதிகளும் கெட்டிருந்தால் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான வலிப்பும் வளர்ச்சிக் குறையும் ஏற்படுவது 2019இல் விவரிக்கப்பட்டது. இங்கே பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதுற்ற பிரதியைச் சுமந்தபடி நலமாக இருப்பார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டவர்கள். எனவே அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு உறவுமுறைத் திருமணங்களில் கூடுகிறது.

இந்த வேறுபாடு அடுத்த குழந்தையைப் பற்றிய முடிவை மாற்றுகிறது. புதிய பிறழ்வாக இருந்தால் அடுத்த குழந்தைக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. இரு பிரதிகளும் கெடும் வகையாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25 விழுக்காடு. ஏ.டி.ஆர்.எக்ஸ். போன்ற எக்ஸ் குரோமோசோம் பிறழ்வைத் தாய் சுமந்தால், பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் 50 விழுக்காடு. குழந்தையைப் பார்த்து மட்டும் எந்த வகை என்று சொல்ல இயலாது. குழந்தை, தாய், தந்தை மூவரின் இரத்தத்தையும் சேர்த்துச் செய்யப்படும் மரபணு வரிசைப் பரிசோதனையே இதைத் தெளிவாக்கும். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை பெறுவது நன்று.

மருத்துவமும் ஆதரவும்

மறுசீரமைப்புப் புரதக் குறைபாடுகளை அடியோடு சரிசெய்யும் மருந்து இன்று இல்லை. ஆனால் இவை மாற்றவே முடியாதவை என்ற பழைய எண்ணம் தளர்ந்துள்ளது. ரெட் நோய் உள்ள, நன்கு வளர்ந்த எலிகளில் எம்.இ.சி.பி.2 மரபணுவை மீண்டும் இயக்கியபோது அறிகுறிகள் பெருமளவு மறைந்ததை ஏட்ரியன் பேர்டின் குழு 2007இல் காட்டியது. நரம்பணுக்கள் அழிந்துவிடவில்லை, சரியாக இயங்காமல் மட்டுமே இருந்தன என்பது இதனால் புலப்பட்டது. ரெட் நோய்க்கென டிரோஃபினெடைட் என்னும் முதல் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் அளித்தது. அது அறிகுறிகளைக் குறைப்பதே தவிர மரபணுவைச் சரிசெய்வதன்று.

குரோமாட்டினைப் பாதிக்கும் மருந்து ஒன்று ஏற்கெனவே பரவலான பயன்பாட்டில் உள்ளது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட், ஹிஸ்டோனிலிருந்து அசெட்டைல் குழுவை நீக்கும் நொதிகளைத் தடுக்கிறது என்பது 2001இல் தெரியவந்தது. கர்ப்ப காலத்தில் இதை உட்கொண்டால் குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை, அறிவுத்திறன் குறைபாடு, மதியிறுக்கம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே கருவுற எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்து மாற்று மருந்து குறித்து முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவது வலிப்பை மீண்டும் வரவழைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மதியிறுக்கத்துக்குக் குருத்தணு சிகிச்சை என்ற பெயரில் பெருந்தொகை பெறும் விளம்பரங்கள் உண்டு. இச்சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் பரிந்துரைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், செயல்முறைப் பயிற்சி, வலிப்புக் கட்டுப்பாடு, செவி மற்றும் பார்வைச் சோதனை ஆகியவையே இன்று பயன் தருபவை. இவற்றை எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை.

அரசு நிலையில், 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ்ப் பிறப்பு முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ளிட்ட குறைகள் பரிசோதிக்கப்படுகின்றன. குறை தென்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகிலேயே எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும், சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிலையமும் உள்ளன. நகருக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் பயிற்சி அளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தையும் அறிவுத்திறன் குறைபாட்டையும் தான் ஏற்கும் 21 குறைபாடுகளுள் சேர்த்துள்ளது. எனவே மரபணுக் காரணம் கண்டறியப்படும் முன்னரே, குறைபாட்டின் அடிப்படையில் சான்றிதழும் உதவிகளும் பெறலாம்.